அம்மாவின் விக்கலைப் பொருட்படுத்தியவர்களுக்கு நன்றி

விசுவமடுவிலிருந்து வணக்கம். அம்மா இப்போது நன்றாக நடமாடுகிறார். அதற்குக் காரணமானவர்களுக்கு எங்கள் குடும்பம் எழுதும் நன்றி மடல் இது.

இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலான பெருநாடி வால்வு அம்மாவுக்குச் சுருங்கியதால், நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக் குழாய் வழியாகப் புது வால்வு வைத்தார்கள். இதயத்தின் மின்துடிப்பைக் கடத்தும் இழைகள் அந்த வால்வை ஒட்டியே போகின்றன. புது வால்வு அழுத்தினால் கடத்தல் தடைப்படலாம். அம்மாவுக்கும் தடைப்பட்டது, அதனால் வயர் வழியாக இதயத்துக்கு மின்துடிப்பு அனுப்பும் பேஸ்மேக்கர் என்ற சிறு கருவியையும் தோளுக்குக் கீழே பொருத்த வேண்டி வந்தது. வீடு வந்த பிறகுதான் விடாத விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று சீனியும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தோம். அப்புறம் தலைச்சுற்றும் சேர்ந்தது.

எங்கள் ஊர் வைத்தியசாலையில் அன்று கடமையிலிருந்த இளம் மருத்துவரே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வெளியே அவ்வளவு சனம். விக்கலுக்கு ஒரு குளிசை தந்து அனுப்பியிருந்தாலும் நாங்கள் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்போம். நீங்களோ தோளுக்குக் கீழே இருந்த தழும்பைக் கண்டு, "இது எப்ப வைச்சது, அம்மா?" என்று கேட்டீர்கள். நாடியைப் பிடித்தபடி விக்கலைக் கவனித்தீர்கள். உடனே இதயத் துடிப்பைப் பதியும் ஈசிஜி எடுத்தீர்கள். கருவி துடிப்பை அனுப்பியும் இதயம் இடைக்கிடை அதற்கு இசையவில்லை. வயரின் நுனி இடம் மாறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தைத் தூண்டுகிறது போல, அதுதான் இந்த விக்கல் என்றீர்கள். பேஸ்மேக்கர் வைத்த முதல் வாரங்களில், நுனியைச் சுற்றித் திசு வளர்ந்து பிடிக்கும் முன், இப்படி நகரக்கூடுமாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் வந்த அம்புலன்ஸ் தம்பிமாரே, பரந்தன் தாண்டி ஆனையிறவு வழியாகப் போகும்வரை அம்மாவோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தீர்களே, அந்தப் பேச்சில்தான் நானும் அழாமல் இருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எக்ஸ்ரே பார்த்து, நுனி இதயச் சுவரைத் துளைத்திருக்கிறதா, சுற்றி இரத்தம் கசிந்திருக்கிறதா என்று எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் பார்த்த பிறகே வயரைச் சரியான இடத்தில் திரும்ப வைத்தார்கள். புது வால்வுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்து கேட்டேன். வால்வு இதயத்தின் இடப்பக்கம், வயர் வலப்பக்கம் என்று அந்த மருத்துவர் ஒரு துண்டுத் தாளில் கீறிக் காட்டினார். வேலைக்கு நடுவில் அதைச் செய்த அந்தப் பெருந்தன்மையை என்னென்பது!

கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, கிணற்றில் வாளி இழுக்கக் கூடாது என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்ன வார்ட்டுத் தாதிக்கும், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்துவிட்டு எங்கள் மாட்டையும் பார்த்துக்கொண்ட அயல்வீட்டு மாமிக்கும் நன்றி.

மருத்துவரே, விக்கல் முழுதாக நின்றுவிட்டது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போது உங்களையும் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.