சி.டி. அறிக்கையில் கதிர்வீச்சு அளவையும் எழுதலாமே

ஐயா,

நம் ஊர் கிரானைட் பாறையே கொஞ்சம் கதிர்வீசுகிறது. அதற்கு யாரும் பயப்படுவதில்லை. எக்ஸ்ரே என்றால் தயங்குகிறவர்களே சாதாரணத் தலைவலிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள்! மார்பு எக்ஸ்ரே தரும் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. 10 வரைகூடப் போகும்.

100 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே புற்றுநோய் ஆபத்து எவ்வளவு என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் தகராறு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், இயற்கையிலேயே கதிர்வீசும் மோனசைட் மணல் நிறைந்த கடலோரத்தில் வாழ்பவர்களிடம் கூடுதல் புற்றுநோய் தெரியவில்லை என்றது 2009-இல் வெளியான ஆய்வு. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்க அணுத்துறை ஊழியர்களிடம் தெரிகிறது என்றது 2023 ஆய்வு. சரி, அவர்கள் பேசித் தீர்க்கட்டும். அதுவரை ஸ்கேன் மையங்கள் அறிக்கையில் கதிர்வீச்சு அளவையும் அச்சிடலாமே? அந்த எண்ணை இயந்திரமே காட்டுகிறது.

- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி