நாற்காலிகள் நிறைந்த அரண்மனையில் உட்கார ஓரிடம் கொடுங்கள்

அரண்மனை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

வாசலில் இருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு அலுவலகத்துக்குக் கடிதமும் அனுப்பினேன். எதற்கும் எழுத்தில் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி இதை எழுத வேண்டியதாயிற்று. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பார்வையாளர் நடக்கும் பாதையில் ஆங்காங்கே இருக்கைகள் போடுங்கள். மேல்தளம் முழுவதும் சுற்ற முடியாதவர்கள் பாதியில் இறங்கிப் போக ஒரு வழி விடுங்கள்.

அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். மேற்பார்வையாளர் வரை அது போனது. என் அம்மா எழுபதைக் கடந்தவர், முழங்கால் வலி உள்ளவர். அந்த அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டவர். கொலு மண்டபத்தையும் ஆயுத அறையையும் மகிழ்ச்சியோடு பார்த்தார். மரப்படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே அரசியின் அறைக்கு வந்தபோது கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஓர் அறைக்குள்ளேயே ஒரு கட்டில், சாய்வு நாற்காலிகள், முக்காலிகள், ஓர் ஊஞ்சல். எல்லாவற்றுக்கும் முன்னால் கயிறு. அது சரிதான், அவற்றில் உட்கார அம்மாவும் நினைக்கவில்லை. சன்னலோரத் திட்டில் சாய்ந்தார், காவலர் எழச் சொன்னார். சுவரில் கை ஊன்றினார், ஓவியம் கெடும் என்றார். திரும்பிப் போகிறோம் என்றோம், ஒருவழிப் பாதை, எதிரே கூட்டம் வருகிறது என்று மறுத்தார். முன்னால் போனால் எவ்வளவு தூரம், இன்னும் எத்தனை படி என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அம்மா தரையில் உட்கார்ந்தார். மேற்பார்வையாளர் வந்து, வழியை மறிக்கக் கூடாது என்று எழுப்பினார்.

பிறகு அம்மா எதையும் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, வாசல் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தார். மீதி அறைகள் எல்லாம் அவருக்குக் கடந்தாக வேண்டிய தூரமாகிப் போயின. எனக்கு ஆத்திரம் வந்தது அந்தக் காவலர் மேல் அல்ல. அவர் தமக்குச் சொன்னதைச் செய்தார், கடுஞ்சொல் எதுவும் பேசவில்லை. உட்காராதே என்று சொல்லும் பலகைகளை ஒவ்வோர் அறையிலும் வைத்தவர்கள், எங்கே உட்காரலாம் என்று சொல்லும் ஒரு பலகைகூட வைக்காததே என் ஆத்திரத்துக்குக் காரணம்.

பழைய கட்டடம், எதையும் மாற்ற முடியாது என்று நேரில் சொன்னீர்கள். கட்டடத்தை மாற்றும்படி நான் கேட்கவே இல்லை. வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக்கினால் அதன் சுவரும் தரையும் படியும் காட்சிப்பொருள்தான். பத்மநாபபுரம் போன்ற மர அரண்மனைகளின் குறுகிய, செங்குத்தான படிகளை அகலமாக்கச் சொல்வதும் உள்ளே மின்தூக்கி கேட்பதும் பொறுப்பற்ற பேச்சு. ஆனால் ஒரு நாற்காலி சுவரில் ஆணி அடிப்பதில்லை. அதன் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்டினால் தரையில் கீறல் விழாது. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டால் பூச்சில் உரசாது. எடை குறைவான, எளிய, இக்காலத்து நாற்காலியாக இருந்தால் அரச காலத்துப் பொருள் என்று யாரும் மயங்க மாட்டார்கள். விழா நாளில் கூட்டம் மிகுந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

பிரிட்டனில் பல பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், உட்காரக் கூடாத நாற்காலிகளின் மேல் பைன் மரக் காய்களை வைக்கும் வழக்கம் கொண்டது. பார்த்ததும் புரிந்துவிடும், யாரும் அதட்ட வேண்டியதில்லை. பார்வையாளர் உட்காரத் தனி நாற்காலிகளையும் பல அறைகளில் போட்டிருக்கிறார்கள். பொருள்களின் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. களைத்துப்போனவர் எதையாவது பிடித்துத்தான் ஆக வேண்டும். தூணையும் கதவையும் கட்டில் காலையும் பிடிக்கிறார். கையின் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் மரத்தின் மெருகையும் சுவரின் வண்ணத்தையும் நாளடைவில் என்ன செய்யும் என்பது உங்கள் பாதுகாப்புப் பிரிவினருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அரண்மனைகளில் உட்காருவது என்றுமே சலுகையாகத்தான் இருந்திருக்கிறது. பிரான்சு மன்னர் 14ஆம் லூயியின் வெர்சாய் அரண்மனை அவையில், அரசியின் முன்னிலையில் சாய்மானமும் கைப்பிடியும் இல்லாத ஒரு குட்டை இருக்கையில் அமர்வதே டியூக்குகளின் மனைவியர் போன்ற மிகச் சிலருக்குக் கிடைத்த பெருமை. மற்றவர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். அந்த அரண்மனை 1837இல் அருங்காட்சியகமானது. அரசர்களின் வீடுகள் மக்களுக்குத் திறக்கப்பட்டதன் பொருளே, அங்கே நிற்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் விருந்தினராக நுழையலாம் என்பதுதானே? அவர்களையும் இன்னும் நிற்க வைத்திருப்பது எந்த விதத்தில் நியாயம்?

நுழைவாயிலில் படம் எடுத்துக்கொள்ள அலங்கார வளைவு வைத்திருக்கிறீர்கள், இரவில் வண்ண விளக்குகள் எரிகின்றன. அவற்றுக்கெல்லாம் இடமும் பணமும் கிடைத்தன. உள்ளே போனால் விளக்கப் பலகைகள் முழுக்கப் போர்களும் பட்டமேற்பும்தான். இத்தனை பெரிய வீட்டில் தண்ணீர் சுமந்தவர் யார், அரசியின் அறைக்கு வெளியே இரவெல்லாம் காத்து நின்ற பணிப்பெண் எங்கே படுத்தாள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சமையற்கட்டு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டைக் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதில் உழைத்தவர்களை மறைத்துவிட்டால் அது பாதி வீடுதான். இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னியுங்கள், இதற்குத் தனியே எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது இருக்கைகளை. இது கருணை வேண்டிக் கேட்கும் உதவியும் அல்ல. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, அருங்காட்சியகம் போன்ற பண்பாட்டு இடங்களை மற்றவர்களுக்குச் சமமாக அணுகும் உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமை சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டும் உரியது என்று சுருக்கிவிடாதீர்கள். மூட்டு வலிக்காரர், இதய நோயாளி, கருவுற்ற பெண் என்று பார்த்தால் வெளியே தெரியாத வலியோடு வருபவர்களே அதிகம்.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். படி ஏறி முடிக்கும் இடத்தில் ஓர் இருக்கை வேண்டும். மேல்தளத்தில் இரண்டு மூன்று அறைகளுக்கு ஒன்றாவது வேண்டும். பின்கட்டுக்கு இறங்கும் படிக்கதவைக் கேட்பவர்களுக்குத் திறந்துவிடக் காவலருக்கு அதிகாரம் கொடுங்கள். எத்தனை படிகள், எங்கெங்கே உட்காரலாம் என்பதை டிக்கெட் வாங்கும் இடத்திலேயே ஒரு வரைபடமாக வையுங்கள். ஏறலாமா வேண்டாமா என்று வருபவர் தாமே முடிவு செய்துகொள்வார். ஏற முடியாதவருக்குக் கீழ்தளத்தில் மேல் அறைகளின் படங்களையாவது காட்டுங்கள்.

இன்னொன்று. எங்களை எழச் சொன்ன அந்தக் காவலரும் காலையிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார். வாங்கும் இருக்கைகளில் அறைக்கு ஒன்றை அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒதுக்குங்கள்.

எப்போது செய்வீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அரண்மனையை நேசிக்கும் ஒரு பார்வையாளர்