எல்லோருக்கும் ஒரே ராத்திரியில்

ஏற்காடு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை என்று ராஜியிடம் கோள் மூட்டினாயாமே! இங்கே எல்லோரும் சௌக்கியம், மிளகு பரவாயில்லை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான். இது உன் பேரனுக்காக எழுதுவது.

ராத்திரியெல்லாம் சொறிகிறான், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக இருக்கிறது என்று ராஜி சொன்னாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சிரங்கு என்றார் டாக்டர். மலைக்குளிரில் நாலு பிள்ளைகளும் ஒரே கம்பளிக்குள் ஒட்டிப் படுத்தால் பரவக் கேட்பானேன்! உடனே தோல் டாக்டரிடம் காட்டு. கடையில் நீயாக ஏதாவது களிம்பு வாங்கித் தடவாதே. ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை மட்டும் அடக்கும், உள்ளே பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. பெண் பூச்சி தோலுக்குள் வளை தோண்டி தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரியவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள்ளேயே அடுத்தவருக்கும் ஒட்டிவிடும். அதனால்தான் சொல்கிறேன் செல்வி, வீட்டில் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் மருந்து தடவ வேண்டும். "எனக்குத்தான் அரிக்கலையே" என்று உன் மாப்பிள்ளை நழுவுவார், விடாதே! ஒருவர் விட்டால் திரும்பவும் எல்லோருக்கும் வரும்.

எங்களுக்கு 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம் கொடுத்தார்கள். கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல், நகத்தடியிலும் தடவி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு டாக்டர் சொல்கிறபடி மட்டும் செய்.

மெத்தையைக் கொளுத்தச் சொன்னாராமே உங்கள் அத்தை, வேண்டவே வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரில் மெல்லன்பி என்ற விஞ்ஞானி, சிரங்குக்காரர்கள் போர்த்திய கம்பளிகளில் ஆட்களைப் படுக்கவைத்துப் பார்த்தார். மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. உடம்போடு உடம்பு ஒட்டுவதுதான் முக்கியம். உடம்பை விட்டுப் பிரிந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். மருந்து போடும் நாளில் துணிமணி, போர்வையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடு. துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஓரமாக வை.

மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கலாம். அதற்காக க்ரீமைத் திரும்பத் திரும்பப் பூசாதே, டாக்டரைக் கேள். ஆனால் சொறிந்த இடம் சீழ் பிடித்தால் சும்மா இருக்காதே. அது சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முகம் வீங்கினாலோ, சிறுநீர் கறுத்தோ சிவந்தோ போனாலோ அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

அம்மாப்பேட்டையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று உன் மகள் அழுகிறாளாம். தினம் இரண்டு வேளை குளிக்கிற வீட்டுக்கும் வருகிற நோய்டி இது. அவன் கூட விளையாடும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் அவளையே சொல்லச் சொல். டாக்டர் என்ன சொன்னார் என்று ராஜியிடமாவது சொல்லி அனுப்பு.

உன்,
சாந்தா