நிலையான ஐபி விற்பவர்களே, பிடிஆர் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள்

லீஸ்டு லைனும் நிலையான ஐபியும் விற்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்கும், அங்குள்ள நெட்வொர்க் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கொங்குப் பகுதியில் சில சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். சமீபத்தில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்குப் புது இணைப்பு வாங்கி, மெயில் சர்வரை அதற்கு மாற்றினோம். ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிய முதல் பேக்கிங் லிஸ்டே 550 5.7.25 என்ற எண்ணோடு திரும்பி வந்தது. அனுப்பும் ஐபிக்குப் பிடிஆர் பதிவு, அதாவது அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் பதிவு, இல்லை அல்லது பொருந்தவில்லை என்று பொருள். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் ஒழுங்காக இருந்தும் பயனில்லை.

உங்களில் ஒருவருடைய உதவி மையத்தைக் கூப்பிட்டோம். "டொமைன் எங்க வாங்கினீங்களோ அங்க கேளுங்க சார்" என்றார்கள். போனை எடுத்த தம்பியை நான் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதில் தப்பு என்று பொறியாளர்களாகிய உங்களுக்குத் தெரியும். பெயரைக் கொடுத்து எண்ணைத் தேடும் பதிவுதான் டொமைன்காரர் கையில் இருக்கிறது. எண்ணைக் கொடுத்துப் பெயரைத் தேடுவது வேறு வழி. 203.0.113.25 என்ற முகவரியைத் திருப்பிப் போட்டு, 25.113.0.203 என்பதன் பின்னால் இன்-அட்ர்.ஆர்பா என்ற வாலைச் சேர்த்துக் கேட்பார்கள். இந்தப் பெயர்கள் அடங்கிய மண்டலம், ஐபி எண்களைப் பங்கிட்டுத் தரும் ஏப்னிக்கிடமிருந்தோ (ஆசிய-பசிபிக்) ஐரின்னிடமிருந்தோ (இந்தியா) ஐபி தொகுதியைப் பெற்றவருக்கே ஒப்படைக்கப்படுகிறது. அதாவது உங்களுக்கு. வாடிக்கையாளர் தன் டொமைன் பேனலில் எத்தனை பிடிஆர் போட்டாலும் அங்கே வந்து யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கதவு எண்ணைக் குடியிருப்பவரே மாநகராட்சியில் வாங்கிக்கொள்ளட்டும் என்பது போல இருக்கிறது உங்கள் பதில்.

இது புதுச் சட்டமும் இல்லை. இணையத்தில் எட்டக்கூடிய எந்தக் கணினிக்கும் பெயர் இருக்க வேண்டும், பிடிஆரும், பெயருக்கு எண் சொல்லும் ஏ பதிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்று 1996-லேயே ஆர்எஃப்சி 1912 என்ற இணைய ஆவணம் சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் கூகுள் தன் அனுப்புநர் விதிகளை இறுக்கியபோது இதையும் சேர்த்தே கேட்டது.

பதிவே இல்லாததைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. மண்டலத்தை, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரு நேம்சர்வருக்கு ஒப்படைத்திருப்பீர்கள், அந்த நேம்சர்வர் என்றோ அணைந்து போயிருக்கும். 'அப்படிப் பெயர் இல்லை' என்ற பதிலாவது சட்டென்று வந்துவிடும். செத்துப்போன நேம்சர்வரிடம் கேட்டால் எந்தப் பதிலும் வராது. லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருந்து, இன்னொரு முறை கேட்டு மறுபடியும் 5 விநாடி காத்திருக்கும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் 6.8-க்கு முந்தைய சர்வர்களில், உள்ளே வருபவரின் ஐபிக்கு இந்தத் தேடல் இயல்பாகவே இயங்கும். பாஸ்வேர்ட் கேட்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். பெயர் தேடலை நிறுத்தும் ஸ்கிப்-நேம்-ரிசால்வ் அமைப்பைப் போடாத மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திலும் இதே கூத்துதான்: புது இணைப்பு ஒவ்வொன்றும் தொங்கும், பழி சர்வர் ஸ்லோ என்று எங்கள் தலையில் விழும்.

சிலர் பதிவு போடுகிறீர்கள், ஆனால் எண்களையே கோர்த்து 'ஸ்டாடிக்-203-0-113-25' என்கிற மாதிரி. தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டில் பார்ப்பதற்கு அது போதும். மெயில் வாங்கும் பக்கத்திலோ ஸ்பாம் வடிகட்டிகள் பல அதை வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்து மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. பழைய வாடிக்கையாளரின் பெயரை அழிக்காமலே புதியவருக்கு ஐபியைத் தருபவர்களும் உண்டு. அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும், விடுகிறேன்.

கேட்பது பெரிதல்ல. நிலையான ஐபிக்கான விண்ணப்பப் படிவத்திலேயே 'பிடிஆர் பெயர்' என்று ஒரு கட்டம் வையுங்கள். மலிவான விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) விற்பவர்கள் பலர் பேனலிலேயே அதைத் தருகிறார்கள். எட்டு, பதினாறு முகவரி வாங்குபவர் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றால், ஆர்எஃப்சி 2317 காட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் பதிவு) வழியில் ஒப்படையுங்கள். அந்த வழி 1998-லிருந்து இருக்கிறது. ஒப்படைத்த நேம்சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அவ்வப்போது, நேம்சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் (dig) கட்டளை போட்டுப் பாருங்கள். உதவி மையத் தாளில் 'டொமைன்காரரைக் கேளுங்கள்' என்ற வரியை இன்றே அடித்துவிட்டு, இந்தக் கோரிக்கை உங்களில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை அங்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஐபிகளை நம்பி மெயில் அனுப்பும் ஒரு சர்வர் நிர்வாகி