கல்லறைத் தோட்டம்: 3, 4, 5ஆம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

மதுரை
16.03.2026

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 5ஆம் தேதி வருகிறது. அதற்காக மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் செய்யப் போகிறார்கள். அதாவது, ஒரு தட்டில் மண் பரப்பி, வெந்தயம் விதைத்து, குன்றும் கல்லறையும் சிலுவைகளும் வைத்த ஒரு சின்னத் தோட்டம். பாதி வேலை பள்ளியில், மீதி உங்கள் வீட்டில். ஈஸ்டருக்குக் கொடுக்கிற சாக்லேட் முட்டை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். நம் ஊர் வெயிலில் அது பையிலேயே உருகிவிடும் என்பது ஒரு பக்கம். முட்டையைக் கல்லறைக்கு அடையாளமாகக் காட்டி, பாடத்துக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் கவனம் முட்டையோடு போய்விடுகிறது என்பது இன்னொரு பக்கம். தோட்டத்தில் அந்தச் சுற்றுவழி இல்லை. இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடத்தில் ஒரு தோட்டமும், அந்தத் தோட்டத்தில் ஒரு புதுக் கல்லறையும் இருந்ததாக யோவான் 19:41 சொல்கிறது. பிள்ளைகள் செய்யப்போவது அதைத்தான்.

இது கைவேலை மட்டுமல்ல, விசுவாசப் பாடமும்கூட. ஆகவே உங்கள் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்க மாட்டோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒப்புதல் தராதவர்களின் பிள்ளைகள் தனியாக உட்கார வேண்டியதில்லை. அதே வெந்தயத்தை விதைத்து, தினமும் உயரத்தை அளந்து அறிவியல் நோட்டில் எழுதுவார்கள்.

வரும் 24ஆம் தேதிக்குள் பிள்ளையிடம் கொடுத்து அனுப்ப வேண்டியவை: உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லு ஒன்று, காய்ந்த வேப்பங்குச்சிகள் (அரையடி நீளத்தில் மூன்று, நான்கு அங்குலத்தில் மூன்று), உள்ளங்கை அளவு வெள்ளைத் துணி, கொஞ்சம் நூல். குச்சி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சைக் குச்சி இரண்டு நாளில் சுருங்கிக் கட்டு தளரும், சிலுவை சாயும். பசை மட்டும் போட்டு ஒட்டினால் மண் ஈரத்தில் விட்டுவிடும் என்பதால், நூலைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றிக் கட்டக் கற்றுக்கொடுப்போம். ஓட்டுச் சில்லுதான் கல்லறை வாசலை அடைக்கும் கல். பாண்டி ஆடச் சில்லு உரசுவோமே, அதே மாதிரி சொரசொரப்பான தரையில் தண்ணீர் தெளித்துப் பிள்ளையே உரசி வட்டமாக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும், கை வலிக்கும். தயவுசெய்து வீட்டிலேயே உரசி அனுப்பாதீர்கள்.

மண் வேலை வீட்டில். மண் நிரப்பிய தட்டைப் பஸ்ஸில் தூக்கிப்போக முடியாது. ஒன்பது அங்குல மண் தட்டு, அதாவது பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது, ஒன்று போதும். கல்லறைக்கு, வாய் இரண்டு அங்குலம் இருக்கிற சின்ன மண் கலயம். மானாமதுரைச் சட்டி பானை விற்கும் கடைகளில் இரண்டுமே கிடைக்கும். பிளாஸ்டிக் கப் வேண்டாம், அதன்மேல் மண் நிற்காது.

சனிக்கிழமை (மார்ச் 28) இரவு இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை ஊறப்போடுங்கள். மளிகைக் கடை வெந்தயமே நல்லது. விதைக் கடையில் பெரும்பாலும் மருந்து தடவிய விதைதான் இருக்கும், பிள்ளைகள் கையால் தொடக்கூடாது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும் விதைக்கலாம். தட்டையும் கலயத்தையும் அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை கெடுகிறது: காய்ந்த மண்பாண்டம் விதைக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தானே குடித்துவிடும், மூன்றாம் நாள் முளை கருகும். செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு கலந்து ஓர் அங்குல உயரம் பரப்புங்கள். கலயத்தை ஓரமாகப் படுக்கவைத்து மூன்றில் ஒரு பங்கு புதையுங்கள். அதன் முதுகில் நனைத்த சாக்குத் துண்டைப் போட்டு அதன்மேல் மண்ணை அப்பினால் சரியாது, குன்று மாதிரி நிற்கும். வாசலுக்கு முன்னால் நான்கு விரல் அகலம் விதைக்காமல் விடுங்கள், பாதை வேண்டும்.

விதைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியக்கூடாது. குவிந்தால் அழுகி நாற்றமெடுக்கும். மேலே மெல்லிதாக மண் தூவி, காலையும் மாலையும் தண்ணீரைத் தெளிக்க மட்டும் செய்யுங்கள். டம்ளரால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தட்டில் தண்ணீர் தேங்கினால் சாய்த்து வடித்துவிடுங்கள், கொசுவுக்கு அது போதும். முளைப்பாரி போட்டுப் பழகிய வீடுகளில் தட்டை இருட்டறையில் வைக்கத் தோன்றும். இதற்கு அது ஆகாது, பயிர் வெளுத்துத் துவண்டுவிடும். நேர் வெயிலும் படாமல், வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்து, தினமும் அரைச்சுற்றுத் திருப்புங்கள். செவ்வாய், புதன் வாக்கில் முளை தலைதூக்கும். சில முளைகள் விதைத்தோலைத் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு அதைப் பிடுங்கக் கை துறுதுறுக்கும். பிடுங்கினால் இலையும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீர் தெளித்தால் தானே உதிரும். மண்ணுக்குள் விழுந்து சாகிற தானியத்தைப் பற்றி யோவான் 12:24இல் இருக்கிறது. முளை தெரியாத அந்த முதல் இரண்டு நாளில் வாசித்துக்காட்டுவது நல்லது.

பெரிய வெள்ளி (ஏப்ரல் 3) மாலை மூன்று சிலுவைகளையும் குன்றின்மேல் நடுங்கள். ஒரு சின்னக் குச்சியை வெள்ளைத் துணியில் சுற்றிக் கலயத்துக்குள் வைத்து, சில்லால் வாயை மூடுங்கள். பொம்மை வேண்டாம், பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். சனிக்கிழமை யாரும் எதையும் தொடக்கூடாது. அந்தச் சும்மா இருக்கிற நாளும் பாடம்தான்.

ஞாயிறு விடியுமுன் சில்லை நீங்கள் தள்ளிவிட வேண்டும், பிள்ளை அல்ல. பெண்கள் கல்லறைக்கு வந்தபோதே கல் புரட்டப்பட்டிருந்தது. குச்சியை எடுத்துவிட்டுத் துணியை உள்ளேயே விடுங்கள்; பேதுரு உள்ளே போனபோது துணிகள் கிடந்தன என்று யோவான் 20இல் இருக்கிறது. “நீங்கதானே எடுத்தீங்க?” என்று பிள்ளை கேட்டால் மழுப்ப வேண்டாம், ஆமாம், நடித்துக்காட்டினோம் என்று சொல்லிவிடுங்கள். உடலை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது. மத்தேயு 28இல் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையோடு சேர்ந்து அதை வாசியுங்கள்.

மறுநாள் தட்டைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம். இதற்குப் போட்டியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. முளைக்காமல் போனவர்கள் வருத்தப்பட வேண்டாம், மறுபடி ஊறவைத்து விதைக்கலாம். இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு மார்ச் 20, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சேர்க்க விருப்பமில்லை என்றாலும் அதையே எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்