மறுமுயற்சிக்கு நிதானம் வேண்டும்: யுபிஐ வங்கிகளின் தொழில்நுட்பத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 12 அன்று நாட்டின் பல பகுதிகளில் யுபிஐ தடுமாறியது. அனுப்பிய பணம் என்னவாயிற்று என்று கேட்கும் நிலை விசாரணைக் கோரிக்கைகளைச் சில வங்கிகளின் மென்பொருள்கள், பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்து, அளவுக்கு மீறிக் குவித்ததே காரணம் என்று, யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகமான என்.பி.சி.ஐ. கண்டறிந்தது. பின்னர் ஒரு பரிவர்த்தனையின் நிலையை 3 முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்று வரம்பு வந்தது. அந்த வரம்பை வரவேற்கிறேன். ஆனால், நெரிசலைக் கண்டு தானாகவே நிதானிக்கத் தெரியாத மென்பொருளுக்கு வெளியிலிருந்து போடும் வரம்பு முழுத் தீர்வாகாது என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

யுபிஐயில் பணம் முதலில் அனுப்புநரின் வங்கியில் கழிக்கப்பட்டு, பிறகு பெறுநரின் வங்கியில் வரவு வைக்கப்படுகிறது. எல்லாத் தரப்பும் 'தயார்' என்று சொல்லும்வரை கணக்குகளைப் பூட்டி வைத்திருக்கும் இரு கட்ட உறுதிப்பாட்டு முறை இங்கே ஒத்துவராது. இன்னொரு வங்கியின் பதிலுக்காகத் தன் வாடிக்கையாளரின் கணக்கைப் பூட்டிவைக்க எந்த வங்கியும் சம்மதிக்காது. எனவே, 1987இல் கணினி ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் 'சாகா' என்ற பெயரில் முன்வைத்த வழியை ஒத்த ஏற்பாடுதான் நடைமுறையில் உள்ளது: ஒவ்வொரு படியும் தனித்தனியே முடியும், இடையில் ஒன்று தவறினால் முன்னதை ஈடுசெய்யப் பணம் திருப்பப்படும். தோல்வி என்று தெளிவாகப் பதில் வந்தால் சிக்கலில்லை. பதிலே வராதபோதுதான் சிக்கல், ஏனெனில் வரவு நடந்ததா இல்லையா என்பது கேட்டவருக்குத் தெரியாது.

அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சம்பள நாள் ஒன்றில், நான் அப்போது பணிபுரிந்த அமைப்பின் பதிவுக் கோப்பில் ஒரே பரிவர்த்தனை எண் 5 நொடிக்கு ஒருமுறை வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்முனை வங்கியின் பதில் நேரம் 2 நொடியிலிருந்து 20 நொடியாக நீண்டுவிட்டது. முதல் கேள்விக்கே பதில் வராத நிலையில் அடுத்த மூன்றும் வரிசையில் போய் நின்றன. அந்த 5, யாரோ எப்போதோ அமைவுக் கோப்பில் எழுதிவைத்த எண். அதை மாற்றும் அறிவை மென்பொருளுக்கு நாங்கள் கொடுத்திருக்கவில்லை.

இந்தப் பாடம் பழையது. 1986 அக்டோபரில், சுமார் 400 கெஜத் தொலைவே இருந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே நெரிசலால் தரவு வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் சொன்ன தீர்வில் முக்கியமானவை: காத்திருக்கும் நேரத்தை நிலையான எண்ணாக வைக்காமல், வந்த பதில்களின் சராசரியையும் ஏற்றத்தாழ்வையும் அளந்து கணிப்பது, அனுப்பிய தரவு வழியில் தொலைந்தால் வேகத்தைக் குறைப்பது. இணையம் நெரிசலிலிருந்து மீண்டதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

அதையே உங்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு எதிர்முனை வங்கிக்கும் தனித்தனியே பதில் நேரத்தை அளந்து, அதற்கேற்பக் காலக்கெடுவை மாற்றுங்கள். மறுமுயற்சிகளின் இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, எல்லோரும் ஒரே நொடியில் திரும்பி வராதபடி அதில் சிறிது தற்செயலையும் கலந்துவிடுங்கள். ஒரு வங்கி தொடர்ந்து தவறினால், கணக்கில் கழிப்பதற்கு முன்பே பரிவர்த்தனையை நிறுத்திவிடுங்கள்; கழித்துவிட்டுத் திருப்பித் தருவதைவிட அது எவ்வளவோ மேல். ஒரே பரிவர்த்தனை எண்ணில் எத்தனை முறை கோரிக்கை வந்தாலும் வரவு ஒருமுறைதான் நிகழ வேண்டும் என்பதில் மட்டும் எந்த நெகிழ்வும் வேண்டாம்.

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐ பணப் பரிமாற்றத்தில் வரவு வைக்கப்படாத தொகை அடுத்த நாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தி அங்கே உறுதியாகாத தொகை ஐந்து நாள்களுக்குள்ளும் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதிதான். ஆனால் மருந்துக் கடை வாசலில், கணக்கில் பணம் கழிந்து, கடையின் ஒலிப்பெட்டி மௌனமாக இருக்க, இரண்டாம் முறை செலுத்தக் கையில் காசில்லாமல் நிற்பவருக்கு ஐந்து நாள் என்பது வெகு தொலைவு. அவருடைய திரையில் 'செயலாக்கத்தில் உள்ளது' என்பதோடு நிறுத்தாமல், எந்த வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், மறுபடி எப்போது விசாரிப்போம் என்பதையும் காட்டுங்கள். மென்பொருளுக்குத் தெரிந்த செய்திதானே அது.

இப்படிக்கு,
வங்கிப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதும் பொறியாளர் ஒருவர்