கணினியில் அம்மா இல்லை

பாளையங்கோட்டை
16.2.2025

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்கு ஒரு பக்கம் அம்மா காரணம், மறுபக்கம் கல்லூரி. வெவ்வேறு தொல்லைகள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றே என்று ஜனவரி கடைசியில்தான் தெரிந்தது.

கல்லூரிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாகத் தரவுத்தளம் நடத்தி வந்தவனிடம் இந்தப் பருவத்தில் ஒரு விருப்பப் பாடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நமக்குத் தெரிந்ததைக் கணினி கையாளும் வடிவில் எழுதி வைப்பது, அதிலிருந்து தர்க்கமுறையில் அதுவே முடிவுக்கு வரச் செய்வது, இதுதான் பாடம். முன்பு நடத்தியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பி.எஸ்சி. கணிதத்தில் நாம் இருவரும் தர்க்கத் தாளில் வாங்கிய மதிப்பெண்ணை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

முதல் மூன்று வாரம், ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று பட்டியலிடும் மெய்யட்டவணையிலேயே போயிற்று. "மழை பெய்தால் குடை கொண்டு வருவேன் என்றேன். மழை பெய்யவில்லை, ஆனாலும் குடையோடு வந்தேன். நான் சொன்னது பொய்யா?" என்று கேட்டேன். பாதி வகுப்பு பொய் என்றது. இல்லை என்று புரியவைப்பதற்குள் ஒரு மணி நேரம் முடிந்தது. பிறகு 1965இல் ராபின்சன் கண்ட தீர்வுமுறை. எதிர்த்தரப்பின் வாதத்தை உண்மை என்றே வைத்துக்கொண்டு, அது தன்னோடு தானே மோதி விழும் வரை இழுத்துக்கொண்டு போவது. வக்கீலான உன் குறுக்கு விசாரணையேதான்; குரல் மட்டும் உயராது.

பாடம் சுவையாகத் தொடங்கியது அதற்கப்புறம். நாம் படித்த தர்க்கத்தில் ஒருமுறை நிறுவியது நிறுவியதுதான். பித்தகோரஸ் தேற்றத்தை நிறுவிய பிறகு புதிதாக எது தெரியவந்தாலும் அந்தத் தேற்றம் அசையாது. ஆனால் வீட்டிலும் தெருவிலும் நாம் அப்படியா நினைக்கிறோம்? ஒன்றைப் பறவை என்று சொன்னால் பறக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். அது பெங்குவின் என்றதும் சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம். கூடுதலாகத் தெரிந்ததால் முன்பு கண்ட முடிவு போய்விடுகிறது. பழைய தர்க்கத்தில் இதற்கு இடமே இல்லை. 1980இல் கணினி அறிஞர்கள் ரேமண்ட் ரைட்டரும் ஜான் மெக்கார்த்தியும் ஆளுக்கொரு வழி வகுத்தார்கள். ரைட்டருடைய விதியின் சாரம் இவ்வளவுதான்: மாறாகத் தெரியாத வரை இப்படியே கொள். பின்வரிசையில் இருந்து ஒரு பெண், "இது புறனடைதானே ஐயா?" என்றாள். பொது விதியைச் சொல்லிவிட்டு, அதில் அடங்காததற்குத் தனியாக வழி வைப்பது நன்னூல் படித்தவளுக்குப் புதிதில்லை. நமக்குப் பள்ளியில் இலக்கணம் எடுத்தவர் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பேனா கொடுத்திருப்பார்.

இனி அம்மா கதை. நவம்பரில் அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க அவளை அழைத்துப் போனேன். எண்பத்து மூன்று வயது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை வழுவழுப்பாகிவிட்டது. கருவி ஐந்து முறை மறுத்தது. அங்கிருந்தவர் நல்ல மனிதர். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். அந்தத் தாள் எங்கே போனதோ, பதிவேறவில்லை. டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவில்லை. அம்மாவையே நேரில் கொண்டு போய் நிறுத்தினேன். திரையைப் பார்த்து, "பதிவு இல்லையே" என்றார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்! "நான் இருக்கேனா இல்லையா என்று அந்தப் பெட்டியை இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கச் சொல்" என்றாள். மூன்று நடை நடந்து, ஜனவரி கடைசியில்தான் நிலுவையோடு பணம் வந்தது.

அதே வாரத்தில் நான் வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது என்ன தெரியுமா? 1978இல் வெளிவந்த ஒரே தொகுப்பில் இருக்கும் இரண்டு கட்டுரைகள். ஒன்றில் அதே ரைட்டர் ஓர் அனுமானத்துக்குப் பெயர் வைக்கிறார்: மூடிய உலகம். பட்டியலில் இல்லாதது உலகிலும் இல்லை. மற்றொன்றில் கீத் கிளார்க், ஒன்றை நிறுவ முயன்று தோற்றுப்போனால் அது பொய் என்று கொள்ளலாம் என்கிறார். 1972வாக்கில் மார்செய் நகரில் பிறந்த புரோலாக் என்ற கணினி மொழி 'இல்லை' என்று சொல்வதெல்லாம் இந்தப் பொருளில்தான். தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே இல்லை.

குறை சொல்ல முடியாத முறை இது. திருநெல்வேலியிலிருந்து காலை நான்கு மணிக்கு மதுரை பஸ் உண்டா என்று அட்டவணையைப் பார்க்கிறாய். அதில் இல்லையென்றால் இல்லை. இல்லாத பஸ்களையெல்லாம் வரிசையாக அச்சடிக்கவா முடியும்? ஆனால் இது செல்லுபடியாவது பட்டியல் முழுமையாக இருந்தால் மட்டும். அம்மாவின் பட்டியல் முழுமையாக இல்லை. 'இருப்பதாகத் தெரியவில்லை' என்பது 'இல்லை' ஆகிவிட்டது. இருபது வருடம் தரவுத்தளம் நடத்தியவன் இதை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்பதை உன்னிடம்தான் ஒப்புக்கொள்ள முடியும்.

உன் தொழில் இங்கேதான் வருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 107, 108 பிரிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். (புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டது, எனக்குப் பழையதுதான் வாயில் வருகிறது.) முப்பது வருடத்துக்குள் உயிரோடு இருந்தவர் என்று காட்டிவிட்டால், இறந்துவிட்டார் என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். ஏழு வருடமாகச் சேதியே இல்லையென்றால் அந்தச் சுமை மறுபக்கம் தாவுகிறது. பொது விதியும் அதை வெல்லும் விதிவிலக்கும் அடுத்தடுத்த பிரிவுகளில், 1872இலேயே! அதிலும் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நிபந்தனை. யாருக்கோ சேதி தெரியாததெல்லாம் கணக்கில் வராது; அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே யாருக்குத் தெரிந்திருக்குமோ, அவர்களுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். 'இல்லை' என்று முடிவுகட்டும் முன், தெரிந்திருக்க வேண்டியவரைக் கேட்டாயா என்று சட்டம் விசாரிக்கிறது. ஏழு வருடம் காத்தும் இருக்கிறது. அந்தத் திரை ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை, வாசலில் நின்ற என்னையும் கேட்கவில்லை.

சட்டத்தைப் புரோலாக்கில் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் செர்காட், கோவால்ஸ்கி முதலியோர் 1981ஆம் வருட பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தை அப்படி எழுதி, 1986இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்ட குழந்தை ஒன்று வருகிறது. பிரிட்டனில் அநாதையாகக் கண்டெடுக்கப்பட்ட பச்சைக்குழந்தையை, மாறாகக் காட்டப்படாத வரை, அங்கேயே குடியுரிமைக்குத் தகுந்த பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ள வேண்டும். எந்தச் சான்றும் இல்லாத இடத்தில் குழந்தைக்குச் சாதகமாக முடிவெடுக்கச் சொல்கிறது, பார். சான்று இல்லாதபோது எந்தப் பக்கம் சாய்வது என்பதைத் தர்க்கம் சொல்லாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததுதான். என் மாணவர்கள் நாளை எங்காவது உட்கார்ந்து இப்படி ஒரு வரி எழுதுவார்கள். எழுதும்போது அதைக் கவனிப்பார்களா என்பதுதான் என் கவலை.

இரண்டு விதிகள் மோதிக்கொண்டால் என்ன செய்வது என்று போன வாரம் திணறினோம். பாடநூல்களில் வழக்கமாக வரும் ஆள் அமெரிக்க அதிபர் நிக்சன். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் போரை வெறுப்பவர் என்று ஒரு விதி சொல்லும்; குடியரசுக் கட்சிக்காரர் என்பதால் அப்படியில்லை என்று இன்னொரு விதி சொல்லும். ரைட்டரின் முறையில் இரண்டு முடிவுகளும் நிற்கும், ஒன்றையொன்று வெல்லாது. பையன்களுக்கு எரிச்சல் வந்துவிட்டது. இந்த இடத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்வீர்கள்? எந்த விதி தனி, எந்த விதி பொது, எது பிந்தியது என்று பார்ப்பீர்கள் என்று அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். உண்மையான வழக்கு ஒன்றை வைத்து நீ சொன்னால் வேறு மாதிரி இருக்கும்.

அதனால் ஒரு வேண்டுகோள். மார்ச் 8 சனிக்கிழமை, நீதிமன்றம் இருக்காது. காலையில் கிளம்பி வந்து ஒரு மணி நேரம் அந்தப் பிரிவுகளைப் பற்றி மட்டும் என் வகுப்பில் பேசிவிட்டுப் போ. காணாமல் போனவர் திரும்பி வந்த வழக்கு ஏதாவது பார்த்திருக்கிறாயா? அதைக் கொண்டு வந்தால் மாணவர்கள் உன்னை விடமாட்டார்கள். தங்கச்சியையும் கூட்டி வா. சாப்பாடு வீட்டில்.

அம்மாவிடம் நீ வரக்கூடும் என்று சொன்னேன். "அவன் வக்கீல்தானே, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை போட்டுத் தரச் சொல், நவம்பருக்கு ஆகும்" என்கிறாள். முத்திரையை மறக்காதே.

அன்புடன்,
கணேசன்